காதுகுத்து ப்ராஜெக்ட் போன வழி

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயில் மணலில் கால் வைக்க இடம் இருக்காது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடம் அது. சாத்தூரிலிருந்து நடந்து வருகிறவர்கள், அக்கினிச்சட்டி எடுப்பவர்கள், ஆயிரங்கண் பானை சுமப்பவர்கள், கிடாயை இழுத்து வருபவர்கள் என்று கூட்டம் நெரியும். இதற்குள் கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி வீடியோக்காரர்களும் வழி கேட்டுக்கொண்டு போவார்கள். தாய்மாமன் மடியில் மொட்டைத் தலையோடு பிள்ளை உட்கார்ந்திருக்கும். ஆசாரி கம்பியை எடுத்ததும் வீறிடும். அந்த அழுகை மெமரி கார்டில் ஏறுகிற நேரத்தில்தான் நான் சொல்லவந்த பொருளுக்குக் கரு உருவாகிறது. பொருள் என்றால், சாத்தூரிலோ சிவகாசியிலோ ஒரு ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அன்று இரவு பிறக்கப்போகிற ப்ராஜெக்ட் ஃபைல்.

இதன் உடம்பு மிகச் சிறியது. ஃபுல் எச்டியில் நொடிக்கு 50 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் சுமார் 22 ஜிபி ஆகும். இரண்டு கேமரா, தலா மூன்று மணி நேரம் என்றால் 130 ஜிபிக்கு மேல். ப்ராஜெக்ட் ஃபைலோ பெரும்பாலும் சில எம்பிதான். ஏனென்றால் அதற்குள் படமே கிடையாது. எந்த டிஸ்கில் எந்த ஃபோல்டரில் எந்தக் கிளிப், அதில் எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை, அதன்மேல் என்ன நிறம், என்ன பாட்டு என்ற விவரம் மட்டுமே இருக்கும். வீட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். "எல்லாம் அந்த ஃபைல்லதான இருக்கு" என்பார்கள்.

விஎச்எஸ் காலத்தில் இப்படி ஒரு பொருளே இல்லை. அப்போது அந்த வேலைக்குப் பெயர் மிக்ஸிங். ஒரு டெக்கில் ஒரிஜினல் கேசட் ஓடும், இன்னொரு டெக்கில் பதிவாகும். நடுவில் ஒரு காட்சியைச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் மறுபடி பதிய வேண்டும். பிரதிக்குப் பிரதி நிறம் மங்கும். அவிட் நிறுவனத்தின் கணினித் தொகுப்பு 1989இல் வந்தது. இந்தியாவில் அதைப் பயன்படுத்திய முதல் படம் என்று கமல்ஹாசனின் 'மகாநதி'யைச் சொல்வார்கள். 1994 பொங்கலுக்கு வந்த படம். அதெல்லாம் சென்னைக் காசு. காதுகுத்து எடுக்கிற ஸ்டுடியோவுக்குக் கணினி வந்தது டிஜிட்டல் வீடியோ (DV) கேசட் வந்த பிறகுதான். ஒரு மணி நேரக் கேசட்டை உள்ளே இழுத்தால் 13 ஜிபி. ஜப்பானில் கோபே நகரத்து கனோபஸ் நிறுவனத்தின் கேப்சர் கார்டும், அதோடு வந்த எடியஸ் மென்பொருளும் அந்த வேலைக்கு வாகாக இருந்தன. கனோபஸ் பிறகு கிராஸ் வேலிக்குக் கைமாறியது. கல்யாண வீடியோ உலகில் எடியஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கூட்டுக்குள் கூடு வைக்கிற வசதியும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் வந்து சேர்ந்தது. 2003இல் பிரீமியர் ப்ரோ மென்பொருள் ஒரே ப்ராஜெக்டில் பல சீக்வென்ஸ் (தனியாகத் தொகுத்த காட்சி வரிசை) வைத்து, ஒன்றை மற்றொன்றுக்குள் போட இடம் கொடுத்தது. 2005இல் வேகாஸ் மென்பொருளின் ஆறாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், முழு ப்ராஜெக்ட் ஃபைலையே இன்னொரு ப்ராஜெக்டின் டைம்லைனில் சாதாரணக் கிளிப் மாதிரி இழுத்துப் போடவிட்டது. 2006இல் எடியஸ் நான்காம் பதிப்பிலும் சீக்வென்ஸுக்குள் சீக்வென்ஸ் வந்தது.

காதுகுத்துக்கு இதைவிடப் பொருத்தமான வசதி இல்லை என்பேன். விசேஷமே துண்டு துண்டாகத்தான் நடக்கிறது. முடி இறக்குவது ஒரு சீக்வென்ஸ், பொங்கல் வைப்பது ஒன்று, காது குத்துவது ஒன்று, தாய்மாமன் சீர் ஒன்று, பந்தி ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி ஒட்டி முடித்துவிட்டு, வெளியே ஒரு பெரிய சீக்வென்ஸில் வரிசையாக அடுக்கினால் ஐந்து கிளிப்தான் கண்ணில் தெரியும். அதே உள் சீக்வென்ஸ்களிலிருந்து ஐந்து நிமிட ஹைலைட்ஸும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அரை நிமிடத் துண்டும் செய்துகொள்ளலாம். டைட்டிலும் தனிச் சீக்வென்ஸாக இருந்தால் அதன் அருமை போன் வரும்போது தெரியும்.

"அண்ணாச்சி, பிள்ளை பேருல 'ஸ்ரீ' விட்டுப்போச்சே. தாத்தா கோவிச்சுக்கிட்டாரு."

"அதுக்கென்னக்கா, மாத்திருவோம்."

டைட்டில் சீக்வென்ஸைத் திறந்து 'ஸ்ரீ' சேர்த்தால் முழு வீடியோ, ஹைலைட்ஸ், ஸ்டேட்டஸ் மூன்றிலும் தானாக மாறிவிடும். மூன்றையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும், அவ்வளவுதான். மிக்ஸிங் காலத்தில் இந்த ஒரு 'ஸ்ரீ'க்கு ஒரு நாள் கூலி போயிருக்கும்.

மாறாத ஒன்றும் உண்டு. சீர்வரிசைச் சீக்வென்ஸை உள்ளே போய் இரண்டு நிமிடம் கூட்டினால், வெளியே வைத்திருக்கிற கிளிப் பெரும்பாலும் தானாக நீளாது. பழைய நீளத்திலேயே நின்றுவிடும். கடைசியில் தட்டு ஏந்தி வந்த சின்ன மாமா உள்ளே இருப்பார், வீடியோவில் இருக்கமாட்டார். சீர் செய்தவர் படத்தில் விழவில்லை என்றால் எங்கள் பக்கம் அடுத்த தீபாவளிவரை பேச்சு ஓடும். உள்ளே கை வைத்தால் வெளியே வந்து கிளிப்பின் வாலை இழுத்துப் பார்ப்பதை எடிட்டர்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஆடி, தை, பங்குனி என்று வேலை குவிகிற மாதங்களில் இந்த ஃபைல் பிறந்த இடத்தில் தங்குவதில்லை. எடிட்டிங்குக்கு மதுரைக்குப் போகும். முகப்பு டைட்டில் ரெடிமேட் ப்ராஜெக்டாக எங்கிருந்தோ வந்து இதற்குள் குடியேறும். 'எடியஸ் ப்ராஜெக்ட்' என்ற பெயரில் இப்படிப்பட்ட முகப்புகள் நாடு முழுக்கக் கைமாறுகின்றன. போட்டோ வைக்கிற இடத்தில் நம் போட்டோவை வைத்தால் முடிந்தது. அதனால்தான் இருக்கன்குடிப் பிள்ளையின் மொட்டைத் தலை, வடநாட்டுக் கல்யாணத்துக்குச் செய்த ரோஜா வளையத்துக்குள் சுழன்று வருகிறது. எனக்குப் பிடிக்காத காட்சி. மணலும் வேப்பிலையும் இருக்கிற ஊருக்கு ரோஜா வளையம் எதற்கு?

கைமாறும்போதுதான் ஆபத்து. சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சரவெடியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். சின்னச் சரங்களைப் பெரிய திரியில் கோத்திருப்பார்கள். திரி ஓரிடத்தில் அறுந்தால், அதற்கு அப்பால் உள்ள வெடி நல்ல வெடியாக இருந்தாலும் வெடிக்காது. ப்ராஜெக்டில் அந்தத் திரி என்பது முகவரி. சாத்தூர் கம்ப்யூட்டரில் 'ஈ' டிரைவாக இருந்த ஹார்ட் டிஸ்க், மதுரைக் கம்ப்யூட்டரில் 'எஃப்' டிரைவாக ஏறினால் ஃபைல் தேடுகிற இடத்தில் கிளிப் இருக்காது. பிரீமியரில் சிவப்புத் திரையில் 'மீடியா ஆஃப்லைன்' என்று வரும், எடியஸில் கட்டம் போட்ட திரை வரும். டிரைவ் எழுத்து மட்டும் மாறியிருந்தால் கிளிப் இருக்கிற இடத்தைக் காட்டிச் சரிசெய்துவிடலாம். வேகாஸ் மாதிரி தனித்தனி ஃபைல்களை அடுக்கியிருந்தால் கூடுதல் தொல்லை. வெளி ஃபைலைக் கொண்டுபோனவர் உள் ஃபைலை மறந்துவிடுவார், அல்லது உள் ஃபைல் வந்திருக்கும், அது சுட்டுகிற கிளிப் வந்திருக்காது. புதிய பதிப்பில் சேமித்த ப்ராஜெக்டைப் பழைய பதிப்பு திறக்க மறுப்பதும் உண்டு. தனித்தனி ஃபைலால் ஒரு லாபம் இல்லாமல் இல்லை: ஒருவர் பந்தியை வெட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வேறு கம்ப்யூட்டரில் சீரை வெட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறை உள்ளே மாறும்போதும் வேகாஸ் வெளியே ஒலியை மறுபடி தயாரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதற்கெல்லாம் மருந்து மென்பொருளிலேயே இருக்கிறது. எடியஸில் 'கன்சாலிடேட் ப்ராஜெக்ட்', பிரீமியரில் 'ப்ராஜெக்ட் மேனேஜர்', டாவின்சி ரிசால்வில் 'ஆர்க்கைவ்'. பெயர்தான் வேறு. ப்ராஜெக்டையும் அது சுட்டுகிற கிளிப்களையும் ஒன்றாகத் திரட்டித் தருவதே வேலை. எழுத்துருவும் ரெடிமேட் முகப்பின் பாட்டும் அதில் சேர்ந்தனவா என்று மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான காதுகுத்து ப்ராஜெக்டுகளின் முடிவு ஒன்றுதான். பென் டிரைவ் வீட்டுக்குப் போகும், பாக்கிப் பணம் வரும், அடுத்த முகூர்த்தத்துக்குக் கார்டு அழிக்கப்படும், சில மாதத்தில் டிஸ்க் நிரம்பி மூலக் கிளிப்களும் போய்விடும். ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும் சிறியது என்பதால் ஏதாவது ஒரு மூலையில் தப்பித்துக் கிடக்கும். பத்து வருடம் கழித்து யாரோ கேட்டு வரும்போது திறந்தால் ஐந்து சீக்வென்ஸும் ஒழுங்காக அடுக்கியபடி இருக்கும், ஒன்றில்கூடப் படம் இருக்காது.

ஸ்டுடியோக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆண்டு முழுக்க எடுப்பதையெல்லாம் வைத்துக்கொள்ள அவர்களுக்கு டிஸ்க் வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே வரும் ஆடிக்கு இருக்கன்குடியில் காதுகுத்து வைத்திருந்தால் ஒரு டெரா ஹார்ட் டிஸ்க் ஒன்றை நீங்களே வாங்கி ஸ்டுடியோவில் கொடுத்துவிடுங்கள். முடித்த வீடியோவோடு மூலக் கிளிப்களையும் திரட்டிய ப்ராஜெக்டையும் அதில் கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், கார்டை அழித்த பிறகு கேட்டுப் பலனில்லை.