தமிழரிடையே போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்கள்

தமிழரிடையே போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்கள் என்பவை தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக் கரையிலும் இலங்கையின் மேற்குக் கரையிலும் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களில் கி.பி. 16ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் பர்னாந்து, கோமஸ், வாஸ், மோத்தா, கொரெரா, கோஸ்தா, மச்சாது, குரூஸ், பெரேரா முதலான பெயர்கள் ஆகும். இப்பெயர்கள் மிகப் பெரும்பாலும் திருமுழுக்கின் (ஞானஸ்நானத்தின்) வழி வந்தவை. குருதி உறவின் வழி வந்தவை அல்ல. எனவே இப்பெயரைத் தாங்கிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் முன்னோரை லிஸ்பனில் தேடுவது பொதுவாகப் பயன் தருவதில்லை. அக்குடும்பத்தின் வரலாறு கரையோரப் பங்குக் கோவில்களின் பதிவேடுகளிலும், வீட்டாரும் ஊராரும் வழங்கும் பட்டப்பெயர்களிலும் பொதிந்து கிடக்கிறது.

தோற்றம்

1530களில் முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பாகப் பரதவர் கடும் நெருக்கடிக்கு உள்ளாயினர். அப்போது அவர்களுக்குப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடுமாறு அறிவுரை கூறியவர் ஜுவாம் த குரூஸ் என்னும் குதிரை வணிகர். இவர் போர்த்துக்கேயர் அல்லர். சாமூதிரி மன்னரால் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே திருமுழுக்குப் பெற்று இப்பெயரை அடைந்த மலபார்க்காரர். ஒரு பெயரைக் கொண்டு ஒருவரின் பிறப்பை முடிவு செய்வது எவ்வளவு தவறானது என்பதற்கு இவரே முதல் எடுத்துக்காட்டு எனலாம்.

இவரது அறிவுரைப்படி 1535ஆம் ஆண்டளவில் பரதவரின் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று திருமுழுக்குப் பெற்றனர். தொடர்ந்து 1536-37 காலப்பகுதியில் கொச்சியிலிருந்து வந்த குருக்கள் கரையோர ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேருக்குத் திருமுழுக்கு அளித்தனர். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஏழு ஊர்கள் இக்கரையின் தலைமை ஊர்களாகக் கருதப்பட்டன. பரதவரின் தலைவரான விக்கிரம ஆதித்த பாண்டியரும் ஜுவாம் த குரூஸ் என்னும் பெயரையே ஏற்றார் என்று மரபு கூறுகிறது. அவர் வழிவந்த சாதித் தலைவர்கள் 'த குரூஸ்' என்பதைப் பல தலைமுறைகளுக்குத் தம் பெயரோடு சேர்த்து வழங்கினர்.

1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், 1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் 10,000க்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஒவ்வொருவருக்கும் அவருடைய புதிய பெயரை எழுதிக் கொடுத்ததாகவும் அதே கடிதம் கூறுகிறது. பெரும்பாலோர் எழுத்தறியாத அக்காலத்தில், தம் பெயர் தமக்கே நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காகவே இவ்வாறு செய்யப்பட்டிருக்க வேண்டும். முந்தைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று ஒரு பரதவர் குடும்பம் 1535க்கு முந்தைய தன் முன்னோர் ஒருவரின் பெயரைக்கூடச் சான்றுடன் கூற இயலாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பர்னாந்து என்னும் பெயர் தரும் சான்று

போர்த்துக்கேய மொழியில் 'பெர்னாந்தோ' என்பது ஆண்பால் இயற்பெயர். அங்கே குடும்பப் பெயராக வழங்குவது 'பெர்னாந்தோவின் மகன்' எனப் பொருள்படும் 'பெர்னாந்தெஸ்' என்பதாகும். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிகஸ், லோப்போவின் மகன் லோப்பஸ், வாஸ்கோவின் மகன் வாஸ் என்பனவும் இம்முறையில் அமைந்தவையே. போர்த்துக்கல்லில் பெர்னாந்தோ குடும்பப் பெயராக வருவது அரிது. ஆனால் தூத்துக்குடி, நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் குடும்பப் பெயர் இதுவே. இலங்கை முழுவதிலும் பரவலான குடும்பப் பெயர்களுள் ஒன்றாகவும் இது உள்ளது.

போர்த்துக்கேயத் தந்தைவழியில் வந்த பெயர்களாக இருந்திருந்தால் இவ்வாறு நிகழ்ந்திராது. முதல் தலைமுறையினர் திருமுழுக்கில் பெற்ற இயற்பெயர், தந்தையின் பெயரைத் தன் பெயரோடு சேர்க்கும் தமிழ் வழக்கின்படி அடுத்த தலைமுறைகளுக்குச் சென்று, காலப்போக்கில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது எனக் கொள்வதே பொருத்தமானது. போர்த்துக்கேயரின் பெயரைத் தமிழரின் இலக்கணம் ஆண்டிருக்கிறது.

ஏனைய பெயர்கள் பல, ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கேயப் படைத்தலைவர், வணிகர் அல்லது திருமுழுக்கு அளித்த குருவின் பெயரை ஏற்றதால் வந்தவை. கோவாவிலும் இதே முறை இருந்தது. அங்கே சில ஊர்களில் பெரும்பாலோர் ஒரே குடும்பப் பெயரைக் கொண்டிருப்பதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது. பிலிப்பீன்சில் 1849ஆம் ஆண்டு ஆளுநர் கிளாவெரியாவின் ஆணைப்படி ஒரு பெயர்ப் பட்டியலிலிருந்து குடும்பங்களுக்கு எசுப்பானியக் குடும்பப் பெயர்கள் பகிர்ந்தளிக்கப்பட்டதை இதனுடன் ஒப்பிடலாம்.

பெயர்களின் பொருள்

போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்களுள் தந்தைவழிப் பெயர்கள் தவிர, இடத்தையும் மரத்தையும் குறிப்பவை பல. சில்வா என்பது காடு, கோஸ்தா என்பது கடற்கரை, பெரேரா என்பது பேரி மரம், கர்வாலோ என்பது கருவாலி மரம். மரப் பெயர்கள் அனைத்தும் மதம் மாறிய யூதர்களுக்கு உரியவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று, பழைய கிறித்தவக் குடும்பங்களும் இவற்றைத் தாங்கியுள்ளன. குரூஸ் (சிலுவை), சாந்தோஸ் (புனிதர்கள்) ஆகியவை பக்திப் பெயர்கள்.

சில குடும்பப் பெயர்கள் தொடக்கத்தில் வெறும் பட்டப்பெயர்களே. லோபோ என்றால் ஓநாய். கொயெல்யோ என்றால் முயல். லெயித்தாம் என்றால் பன்றிக்குட்டி. தெல்காதோ என்றால் மெலிந்தவர். யாரோ ஒரு மூதாதையை ஊரார் கேலியாக அழைத்தது, சில நூற்றாண்டுகளில் மதிப்பிற்குரிய குடும்பப் பெயராகிவிட்டது. போர்த்துக்கேய மொழி குடும்பப் பெயரை 'அப்பெலீதோ' என்றும் பட்டப்பெயரை 'அல்குன்யா' என்றும் பிரித்து வழங்கினாலும், இரண்டுக்கும் இடையிலான எல்லை உறுதியானதன்று.

போர்த்துக்கல்லில் 1911இல் குடிமைப் பதிவு கட்டாயமாகும் வரை குடும்பப் பெயர் இடுவதில் உறுதியான விதி இருக்கவில்லை. உடன்பிறந்தோர் வெவ்வேறு குடும்பப் பெயர்களைத் தாங்குவதும், பெண்கள் பக்திப் பெயர்களை மட்டும் தாங்குவதும் இயல்பாக இருந்தன.

பட்டப்பெயர்கள்

ஓர் ஊரில் பாதிக்கு மேற்பட்டோர் பர்னாந்து எனவும், ஆண்களுட் பலர் அந்தோணி, சவேரியார், மிக்கேல் எனவும் பெயர் தாங்கும்போது, அப்பெயர் ஆளை அடையாளம் காட்டும் ஆற்றலை இழக்கிறது. இந்த இடத்தை நிரப்புவது பட்டப்பெயர். உடல் தோற்றம், தொழில், வீடு இருக்கும் இடம், ஒரு முறை நிகழ்ந்த நிகழ்ச்சி என எதுவும் பட்டப்பெயருக்குக் காரணமாகலாம். பாட்டனுக்கு வந்த பெயர் பேரன் காலத்தில் 'இன்னார் வீடு' என வீட்டுப் பெயராக நிற்பதும் உண்டு.

மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு 'தேர்மாறன்' என்பதாகும். தூத்துக்குடி பனிமய மாதா கோவிலின் தங்கத்தேர் 1806ஆம் ஆண்டு முதன்முதலில் இழுக்கப்பட்டது. அத்தேரைச் செய்வித்த சாதித் தலைவர் தொன் கபிரியேல் த குரூஸ் வாஸ் கோமஸ் அதனால் தேர்மாறன் என அழைக்கப்பட்டார். அவரது முறையான பெயரில் இருக்கும் நான்கு போர்த்துக்கேயப் பெயர்களும் அவரைப் பற்றி எதையும் தனித்துக் கூறவில்லை. அவர் செய்த செயலையும், பாண்டியர் வழியினர் என்னும் உரிமைகோரலையும் 'தேர்மாறன்' என்னும் ஒரு தமிழ்ச் சொல் கூறிவிடுகிறது.

பட்டப்பெயர்களைக் கேலி எனக் கருதிக் குடும்ப வரலாற்றில் சேர்க்காமல் விடுவோர் பலர். ஒரே பெயருடைய மூவரைப் பிரித்தறிய வேறு வழி பெரும்பாலும் இல்லாமையால் இது பேரிழப்பாகும்.

உள்நாட்டில்: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கரையை விட்டு உள்நாட்டுக்குச் சென்றால் கத்தோலிக்கரிடையே போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்கள் பரவலாக இல்லை. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை வட்டத்தின் எறையூர் கத்தோலிக்கர் மிகுந்த பழைய ஊர்களுள் ஒன்று. புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் போன்ற இடங்களில் அருளப்பன், இராயப்பன், சின்னப்பன், சவரிமுத்து, ஞானப்பிரகாசம் போன்ற பெயர்களே மரபாக வழங்கின.

இதற்குக் காரணம் மறைப்பணியின் வேறுபாடு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டு தெ நோபிலி (தத்துவபோதகர்), திருமுழுக்கின்போது 'பறங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா?' என்னும் பொருளில் கேட்கப்பட்டு வந்ததை எதிர்த்தார். கிறித்தவராவது வேறு, பறங்கியாவது வேறு என்பது அவரது நிலைப்பாடு. அவர் வழியில் வந்தோர் புனிதர்களின் பெயர்களுக்கும் தமிழ் வடிவம் தந்தனர்: பேதுரு இராயப்பரானார், பவுல் சின்னப்பரானார், யோவான் அருளப்பரானார். புதுச்சேரிப் பகுதியில் பின்னர் பணியாற்றிய பிரெஞ்சு மறைப்பணியாளரும் குடும்பப் பெயர் இடும் வழக்கத்தைக் கொண்டுவரவில்லை. எனினும் சந்தியாகு, செபஸ்தியான், மிக்கேல், இஞ்ஞாசி ஆகிய இயற்பெயர்கள் போர்த்துக்கேய ஒலிப்பின் தடத்தை உள்நாட்டிலும் காட்டுகின்றன.

பெயரைக் கொண்டு தோற்றத்தைத் தவறாகக் கணிக்கும் வழக்கம் கிறித்தவப் பெயர்களோடு நிற்பதன்று. அதே மாவட்டத்தின் கல்வராயன் மலையில் வெள்ளிமலை முதலிய ஊர்களில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். இவர்கள் தமிழ் பேசுவோர், கேரளத்தோடு தொடர்பற்றவர்கள். மலையில் வாழ்வோர் என்பதே இப்பெயரின் பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் என இவர்களது வாய்மொழி மரபு கூறுகிறது. 'கவுண்டர்' என்னும் பட்டமும் இவர்களிடையே உண்டு. அதனால் கொங்குப் பகுதிக் கவுண்டர்களோடு இவர்களை இணைப்பதும் அதே வகைப் பிழையாகும்.

இலங்கையில்

போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்து 1658இல் இடச்சுக்காரரால் வெளியேற்றப்பட்டனர். கோட்டை மன்னர் தர்மபாலர் 1557இல் திருமுழுக்குப் பெற்றுத் தொம் ஜுவாம் எனப் பெயர் ஏற்றபின் பெரேரா, சில்வா, மெண்டிஸ், பொன்சேகா முதலிய பெயர்கள் சிங்களவரிடையே பரவின. பின்னர் பௌத்தராகிய குடும்பங்களும் இவற்றைக் கைவிடவில்லை. புத்தளம், சிலாபம் பகுதிகளில் ஒரே குடும்பப் பெயருடைய தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர்.

உண்மையில் போர்த்துக்கேய வழித்தோன்றல்களைக் கொண்ட சமூகம் மட்டக்களப்புப் பறங்கியர் ஆவர். இவர்களிடையே இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இன்றும் சிலரால் பேசப்படுகிறது. விந்தை என்னவெனில், இவர்களுள் சில குடும்பங்களின் பெயர்கள் இடச்சுப் பெயர்கள். போர்த்துக்கேயப் பெயருடையோர் தமிழராகவும், போர்த்துக்கேய மொழி பேசுவோர் இடச்சுப் பெயருடையோராகவும் இருக்கும் இந்நிலை, பெயரை மட்டும் நம்பித் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கையாகும்.

குடும்ப வரலாற்றைத் தேடுதல்

தேடலை வீட்டிலுள்ள முதியோரிடம் தொடங்குவதே முறை. பாட்டனாரின் பெயர், பட்டப்பெயர், பிறந்த ஊர், மணமுடித்த ஊர் ஆகியவை தெரிந்தால் பங்குக் கோவில் பதிவேட்டுக்குச் செல்லலாம். 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருமுழுக்கு, திருமணம் ஆகியவற்றைப் பதிவு செய்யுமாறு பணித்தது. திருமுழுக்குப் பதிவில் குழந்தை, பெற்றோர், ஞானப்பெற்றோர், குரு ஆகியோரின் பெயர்கள் இடம்பெறும்.

பதிவேட்டின் மொழி காலத்துக்குக் காலம் மாறும். இலத்தீனில் யாக்கோபுஸ் எனப் பதியப்பட்டவர் வீட்டில் சந்தியாகு எனவும், பள்ளிச் சான்றிதழில் ஜேம்ஸ் எனவும் இருக்கக்கூடும். இம்மூவரையும் மூன்று உடன்பிறந்தோராக எண்ணிவிடுவது தொடக்கநிலை ஆய்வாளர் செய்யும் வழக்கமான தவறு. குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலையும் பெரிதாகக் கொள்ளலாகாது. பெர்னாந்தெஸ் என்பது 's' ஒலிக்குரிய எழுத்தில் முடிவதா, 'z' எழுத்தில் முடிவதா என்பதை வைத்துப் போர்த்துக்கேயர், எசுப்பானியர் எனப் பிரிப்பது பழைய ஆவணங்களுக்குப் பொருந்தாது.

ஒரே ஊரில் இரண்டு பதிவேடுகள் இருந்திருக்கலாம். போர்த்துக்கேய அரசின் 'பதுருவாதோ' உரிமையின் கீழ்ப் பணியாற்றிய கோவாக் குருக்களுக்கும், 1838இல் மீண்டும் வந்த பிரெஞ்சு இயேசு சபையினருக்கும் இடையே நீண்டகாலம் அதிகாரப் பிணக்கு இருந்தது. தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல் தனியாக அமைக்கப்பட்டு, திபூர்சியுஸ் ரோச் அதன் முதல் ஆயரானார். அதற்கு முந்தைய ஆவணங்களுக்கு வேறு மறைமாவட்டங்களையும் நாட வேண்டியிருக்கும். 1595இல் நிறுவப்பட்ட கோவா ஆவணக் காப்பகமும், இடச்சு ஆவணங்களைக் கொண்ட தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் பயன்படக்கூடியவை.

இலங்கைக் குடும்பங்களுக்குத் தோம்புகள் முதன்மையான சான்றாகும். காணிகளையும் அவற்றுக்கு உரியோரையும் பதிந்த இவ்வேடுகளைப் போர்த்துக்கேயர் தொடங்க, இடச்சுக்காரர் விரிவுபடுத்தினர். 'தோம்பு' என்பது 'தொம்போ' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம். லிஸ்பனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரான 'தோரே தொ தொம்போ'விலும் இச்சொல்லே உள்ளது. எஞ்சிய இடச்சுத் தோம்புகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டில் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடும் வழக்கம் வலுப்பெற்றபின், பல குடும்பங்களில் குடும்பப் பெயர் ஆவணங்களிலிருந்து மறைந்தது. தூத்துக்குடியில் பிறந்த நடிகர் ஜே. பி. சந்திரபாபுவின் (1927–1974) தந்தை விடுதலைப் போராட்ட வீரர் ஜே. பி. ரொட்ரிகஸ், மகனின் திரைப்பெயரில் ரொட்ரிகஸ் இல்லை. மாறாக, எழுத்தாளர் ஜோ டி குரூஸ் தம் பெயரை அப்படியே வழங்குகிறார். 'கொற்கை' புதினத்துக்காக 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றவர் இவர். குடும்பப் பெயர் மறைந்த வீடுகளில், திருமுழுக்குப் பதிவில் ஞானப்பெற்றோராக நின்ற பெரியப்பா, மாமா, அத்தை ஆகியோரின் பெயர்களே அறுந்த தொடர்பை மீண்டும் இணைக்க உதவுகின்றன.