புதுசு என்றால் சுத்தமா?

சந்தையில் புது மண்சட்டி வாங்கி வந்த அன்றைக்கே அதில் மீன்குழம்பு வைத்த பாட்டியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. தண்ணீரில் ஊறப் போடுவாள். கஞ்சித் தண்ணி ஊற்றிக் கொதிக்கவிடுவாள். கொட்டுவாள். மறுபடி கொதிக்கவிடுவாள். ‘புதுச் சட்டிதானே, எதுக்கு இவ்வளவு பாடு?’ என்று கேட்டால், ‘புதுசுங்கிறதாலதான்டா!’ என்று பதில் வரும்.

இதே வேலையை, கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் குளிர்ச்சி அமைக்கிற இளைஞர்கள் உலகம் பூராவும் செய்கிறார்கள். கடையிலிருந்து வந்த பளபளப்பான புது ரேடியேட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டுவதில்லை. வெந்நீர் ஊற்றிக் குலுக்குகிறார்கள். கொட்டுகிறார்கள். மறுபடி ஊற்றுகிறார்கள். ஏன்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு நூறு வருஷத்துக்கும் மேல் பின்னால் போகவேண்டும். ஜெர்மனிக்கு.

டெய்ம்லர் கம்பெனியின் இன்ஜினீயர் வில்ஹெல்ம் மேபாக். எமில் யெலினெக் என்ற கார்ப் பித்தர் ‘வேகமான வண்டி வேண்டும்’ என்று நச்சரித்ததில், 1900 கடைசியில் 35 குதிரைத்திறன் கொண்ட கார் ஒன்றைச் செய்து முடித்தார். யெலினெக் அதற்குத் தன் மகள் பெயரை வைத்தார்... மெர்சிடிஸ்! இன்ஜின் சக்தி ஏறினால் சூடும் ஏறுமே? மேபாக் ஒரு தேன்கூடு கட்டினார். 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் வாய் உள்ள சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070! குழாய்களுக்குள் காற்று. குழாய்களுக்கு இடையில் இருக்கும் சந்தில் தண்ணீர். ரேடியேட்டர் என்றால் இன்றைக்கும் அடிப்படை இதுதான். தண்ணீரை மெல்லிசாகப் பரப்பு, காற்றைக் காட்டு, சூடு ஓடிப்போகும்.

எட்டாயிரம் குழாயையும் எதை வைத்து ஒட்டினார்கள்? சால்டரிங். இங்கேதான் நம் கதையின் வில்லன் நுழைகிறான். பெயர், ஃப்ளக்ஸ்.

ரேடியோ ரிப்பேர் கடையில், சால்டரிங் கம்பியை ஒரு டப்பாவில் இருக்கும் பழுப்புப் பிசினில் தொட்டு எடுப்பார்களே, வாசனையாகப் புகை வருமே... அதுதான். செம்பும் பித்தளையும் காற்றுப் பட்டாலே மேலே ஒரு ஆக்ஸைடு படலம் வந்துவிடும். படலத்தின் மேல் ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடும். ஃப்ளக்ஸ் அந்தப் படலத்தைத் தின்று, உலோகத்தைச் சுத்தமாக்கிக் கொடுக்கிறது. ரேடியேட்டர் தொழிற்சாலையில் சேர்மானம் வேறாக இருக்கலாம்; வேலை இதேதான். ஃப்ளக்ஸ் இல்லாமல் அந்த மாதிரி ரேடியேட்டர் இல்லை.

சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்ததும் அது வீட்டுக்குப் போவதில்லை. குழாய்க்குள்ளேயே மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கூடவே சால்டர் துணுக்குகள், உலோகத் தூள். காருக்கு இது பெரிய தொல்லையில்லை. இன்ஜினில் தண்ணீர் போகும் வழி விரல் நுழைகிற அகலம். நாலு துணுக்கு மிதந்தால் மிதந்துவிட்டுப் போகட்டும்!

கம்ப்யூட்டர் அப்படி இல்லை. குளிர்விக்கிற குழாயில் எதிர்பாராத ஒன்று கலந்தால் என்ன ஆகும் என்பதை 1970களிலேயே ஒரு மேதை அனுபவித்தார். சூப்பர் கம்ப்யூட்டர்களின் தந்தை சீமோர் க்ரே. அவருடைய கம்பெனியின் முதல் மெஷின் க்ரே-1. குளிர்ச்சிக்குத் தண்ணீர் அல்ல, ஃபிரிட்ஜில் ஓடுமே அந்த ஃப்ரியான். கம்ப்ரஸர் தேயாமல் இருக்க அதில் கொஞ்சம் எண்ணெய் கலந்திருப்பார்கள். அந்த எண்ணெய் இணைப்புகள் வழியே கசிந்து, சர்க்யூட் போர்டுகளின் மேல் படிந்து, ஷார்ட் ஆக்கியது. கணக்குப் போடுவதில் கோளாறு இல்லை, சிப்பில் கோளாறு இல்லை. எண்ணெய்! இதில் சுமார் ஆறு மாதம் தாமதம். 1976ல்தான் முதல் மெஷின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1980ல் ஐபிஎம் தன் 3081 மெஷினில் தண்ணீரையே பக்கத்தில் கொண்டுவந்தது. ஒவ்வொரு சிப் தலையிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி பிஸ்டன், சுற்றிலும் ஹீலியம் வாயு, மேலே தண்ணீர் ஓடும் தகடு. சிப்பின் சூடு பிஸ்டன் வழியாக ஏறித் தண்ணீருக்குப் போகும்.

அடுத்த வருஷம், 1981ல், ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மன், பீஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிலிக்கானிலேயே 50 மைக்ரான் அகலத்தில், அதாவது தலைமுடியை விடவும் மெல்லிய வாய்க்கால்களை வெட்டி அதில் தண்ணீர் விட்டார்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் 790 வாட் சூட்டை வழித்து எடுத்தது! வழி எவ்வளவு குறுகலோ, சூடு அவ்வளவு லாகவமாகப் போகும். ஆனால் வழி எவ்வளவு குறுகலோ, அடைப்பும் அவ்வளவு சுலபம்.

1990களின் கடைசியில் வீட்டுப் பையன்கள் களத்தில் இறங்கினார்கள். 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 450ல் ஓட்டுகிற ஓவர்கிளாக்கிங் பைத்தியம் பிடித்திருந்த காலம். மீன் தொட்டி பம்ப்பும், பழைய அமெரிக்கக் கார்களில் உள்ளே வெந்நீர் ஓட்டிக் கதகதப்பு தரும் ஹீட்டர் கோரும்தான் ஆயுதங்கள். 1977 பான்டியாக் பான்வில் காரின் ஹீட்டர் கோருக்குத் தனி மவுசு! காயலான் கடைச் சரக்கு என்பதால் துருவையும் பழைய கூலன்ட்டையும் கழுவியே ஆகவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆபத்து வந்தது அதற்கப்புறம். கம்ப்யூட்டருக்கென்றே புது ரேடியேட்டர்கள் கடைக்கு வந்தன. புதுசுதானே என்று அப்படியே மாட்டினால்?

முதல் சில வாரம் ஜோர். பிறகு வெந்நீரில் ஃப்ளக்ஸ் மெல்ல மெல்லக் கரைகிறது. சாயம் போட்ட கூலன்ட்டோடு சேர்ந்து கொழகொழவென்று திரள்கிறது. சிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புக் கட்டைக்குள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் தகடுகள் உண்டு. மொத்தக் குப்பையும் அங்கே போய் அடைகிறது. சூடு ஏறும், ஆனால் வெளியே எதுவும் தெரியாது. பாவம், எல்லோரும் பம்ப்பைத்தான் திட்டுவார்கள்!

வைத்தியம் ரொம்பச் சாதாரணம். ரேடியேட்டரில் பாதி அளவு சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, வாயை அடைத்து, சில நிமிஷம் நன்றாகக் குலுக்கவேண்டும். வெள்ளைத் துணி வழியாக வடிக்கவேண்டும். துணியில் கறுப்பும் பழுப்புமாக ஏதாவது தங்கினால் மறுபடி. துணி வெள்ளையாகவே இருக்கும்வரை மறுபடி. பிடிவாதமான அழுக்குக்குத் தண்ணீர் கலந்த வினிகர் உண்டு. ஆனால் கொஞ்ச நேரம்தான்; ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் அமிலம் செம்பையும் சால்டரையும் சேர்த்துக் கடிக்கும். அலுமினியம் என்றால் வினிகர் பக்கமே போகக்கூடாது. அதன்பிறகு பலமுறை நல்ல தண்ணீரில் அலசி, கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் முடிக்கவேண்டும். குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டுவைத்தால் அதன் உப்பும் சுண்ணாம்பும் புது வம்பு.

வீட்டு விவகாரம் என்று நினைக்காதீர்கள். 2022ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் வந்த ஃப்ரன்டியர் சூப்பர் கம்ப்யூட்டருக்கு நிமிஷத்துக்குச் சுமார் 22,000 லிட்டர் தண்ணீர் ஓட ஏற்பாடு. இன்றைக்கு ஏ.ஐ. சர்வர்களுக்கும் சிப்பின் தலையில் தண்ணீர்தான். கோடிக்கணக்கில் செலவழித்துப் புத்தம்புதுக் குழாய் போட்ட பிறகு முதல் வேலை என்ன தெரியுமா? அலசுவது. வடிகட்டியில் என்ன தங்குகிறது என்று பார்ப்பது. மறுபடி அலசுவது.

ஃப்ளக்ஸைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அது இல்லாவிட்டால் குழாயே ஒட்டியிருக்காது. கட்டிக்கொடுத்த சாரத்தைப் பிரிக்காமல் யாராவது கிரகப்பிரவேசம் செய்வார்களா? ஒரு பொருள் உருவாகும்போது தேவைப்பட்டது, அது உழைக்கும்போது இடைஞ்சல். அதை எடுத்துவிடுகிற பொறுப்பு, முதலில் உபயோகிக்கிறவனுடையது.

பாட்டிக்கு இது ஐபிஎம்முக்கு முன்னாலேயே தெரியும்.