மக்களாட்சியும் தனிமனித விடுதலையும்: இந்தியத் தடுப்புக்காவல் சட்ட வரலாற்றை முன்வைத்து

மக்களாட்சி தனிமனித உரிமையைத் தானாகவே காக்கும் என்னும் கருத்தை இந்தியத் தடுப்புக்காவல் சட்ட வரலாறு ஐயத்திற்கு உள்ளாக்குகிறது. அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் தடுப்புக்காவல் சட்டத்தை இயற்றியது. சென்னை மாநிலத்தில் சிறை வைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். நாடாளுமன்றம் முறைப்படி இயற்றிய சட்டத்தின் வழி ஒருவரது விடுதலையைப் பறிக்கலாம். அச்சட்டம் நியாயமானதா என ஆராய்வது நீதிமன்றத்தின் பணியன்று என உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை கருதியது. 14ஆம் பிரிவு மட்டுமே செல்லாததாக்கப்பட்டது.

நெருக்கடிநிலைக் காலத்தில் இப்பாதுகாப்பு மேலும் சுருங்கியது. காவலில் வைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனுவின் வழி நீதிமன்றத்தை நாட இயலாது என 1976இல் ஜபல்பூர் வழக்கில் ஐவர் அமர்வில் நால்வர் தீர்ப்பளித்தனர், எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார்.

மாற்றத்திற்கு வழிவகுத்தது 1977ஆம் ஆண்டுத் தேர்தலாகும். 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தச் சட்டம், நெருக்கடிநிலையிலும் 20, 21ஆம் உறுப்புகள் தரும் உரிமைகளை நிறுத்திவைக்க இயலாதவாறு செய்தது. ஆயினும், தடுப்புக்காவலை மேலும் கட்டுப்படுத்தும் அத்திருத்தத்தின் 3ஆம் பிரிவு நடைமுறைப்படுத்தப்படவில்லை. எனவே, இழந்த உரிமையை மீட்கத் தேர்தல் வழிவகுக்கலாம். அதனை நிலைநிறுத்துவதற்கு ஆளும் பெரும்பான்மையையும் கட்டுப்படுத்தும் அரசமைப்பு வரம்பு இன்றியமையாதது.