விந்து முந்துதல் மருந்துகள்: கொச்சி, மட்டாஞ்சேரி

விந்து முந்துதல் என்பது உடலுறவின்போது ஆணின் கட்டுப்பாட்டை மீறி, அவர் விரும்புவதற்கு முன்பே விந்து வெளியேறிவிடும் நிலை. துரித ஸ்கலிதம் என்றும் சொல்வர், கேரளத்தில் சீக்ரஸ்கலனம். சர்வதேசப் பாலியல் மருத்துவச் சங்கம் 2014-இல் வகுத்த வரையறையில் மூன்று கூறுகள் உண்டு. முதல் உறவிலிருந்தே ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும், அல்லது முன்பு சரியாக இருந்தவருக்கு இடையில் மூன்று நிமிடமோ அதற்கும் குறைவாகவோ சுருங்கியிருக்க வேண்டும். தள்ளிப்போட முடியாமல் இருக்க வேண்டும். அதனால் மனவேதனையோ உறவையே தவிர்க்கும் போக்கோ ஏற்பட்டிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் சிகிச்சை என்ற பேச்சே வரும்.

மாத்திரை கேட்டு வருகிறவர்களில் பலருக்கு இந்தக் குறை இருப்பதே இல்லை. நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் சுமார் 500 தம்பதிகளிடம் நிறுத்துக் கடிகாரத்தைக் கொடுத்து அளந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. இடைநிலை நேரம் 5.4 நிமிடம், துருக்கியில் 3.7. ஆளுக்கு ஆள் அது அரை நிமிடத்திலிருந்து 44 நிமிடம் வரை வேறுபட்டது. அரை மணி நேரம்தான் இயல்பு என்று ஆபாசப் படங்களைப் பார்த்து நம்புகிறவருக்கு மருந்து தேவையில்லை, இந்த எண்கள் போதும். விந்து வீணானால் உடம்பு உருகிவிடும் என்ற பழைய அச்சமும் இதோடு சேர்ந்துகொள்வதுண்டு. மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் அதற்குத் தாது நோய்க்குறி என்று பெயரிட்டார்.

இத்துறையின் மருந்து வரலாற்றில் இந்தியாவின் மேற்குக் கரைக்கும் ஓர் இடம் உண்டு. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா 1563-இல் அச்சிட்ட நூலில், அபினி தின்றால் ஆணுக்கு விந்து தாமதமாக வெளியேறும் என்றும், இந்நாட்டில் அதற்காகவே அதைத் தின்போர் உண்டு என்றும் எழுதினார். 1589 தொடக்கத்தில் கொச்சியிலிருந்து கப்பலேறி ஊர் திரும்பிய டச்சுக்காரர் லின்ஸ்கோட்டனும், 1596-இல் வெளிவந்த தம் பயண நூலில் இதையே குறித்திருக்கிறார். வலியைத் தணிக்கவும் தூக்கத்துக்கும் கொடுத்த பொருள் இங்கே வேறு பயன் கண்டது. அதன்பின் வந்தவையும் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். மனச்சோர்வு மருந்தான குளோமிப்பிரமின் விந்தைத் தாமதப்படுத்துவது பற்றிய மருத்துவக் குறிப்பு 1973-இல் வந்தது. அதே வகை நோய்க்கான பராக்செட்டின் விந்து முந்துதலுக்கு உதவுமா என்று டச்சு மருத்துவர் வால்டிங்கர் சோதித்து வெளியிட்டது 1994-இல். இதற்கென்றே சந்தைக்கு வந்த டாப்பாக்செட்டினும் மனச்சோர்வுக்காக எலி லில்லி நிறுவனத்தில் உருவானதுதான். உடம்பில் வேகமாக ஏறி வேகமாக இறங்கியதால் அந்த வேலைக்கு அது ஒத்துவரவில்லை. ஆக, மூளை, இரத்த அழுத்தம், நரம்பு ஆகியவற்றில் வேலை செய்யும் மருந்துகளின் பக்கவிளைவைத்தான் இங்கே பலனாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற விளைவுகளும் கூடவே வருகின்றன. பாதுகாப்பு பற்றிய கேள்விகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

டாப்பாக்செட்டின் முதலில் 2009-இல் பின்லாந்திலும் சுவீடனிலும் அனுமதி பெற்றது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இன்றுவரை அனுமதிக்கவில்லை. இந்தியாவில் பல கம்பெனிகள் இதைத் தயாரிக்கின்றன. 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு, தேவைப்படும்போது மட்டும், உறவுக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பு, 30 மில்லிகிராமில் தொடங்குவார்கள். 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் கூடாது. தினமும் விழுங்கும் மாத்திரை அல்ல இது. 2006-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், சிகிச்சைக்கு முன் சராசரி 0.9 நிமிடமாக இருந்த நேரம் 12 வாரத்தில் 30 மி.கி.யில் 2.78 நிமிடமாகவும், 60 மி.கி.யில் 3.32 நிமிடமாகவும் உயர்ந்தது. வெறும் மாவு மாத்திரை தின்றவர்களுக்கே 1.75 ஆனது. அளவை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஏறக்குறைய அரை நிமிட லாபம். ஆனால் குமட்டல் நூற்றுக்கு 11 பேரிலிருந்து 22 பேராகிறது. முதல் மாத்திரையில் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றைச் சேர்த்துப் போடுகிறவர் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை பொறுத்துக்கொள்ளக்கூடியவை. மயங்கி விழுவது அப்படியல்ல. உட்கார்ந்திருப்பவர் சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டும். குளியலறைத் தரையில் தலை மோதினால் அதுவே பெரிய கேடு. அதனால் சீட்டு எழுதுமுன் மருத்துவர் படுத்த நிலையில் ஒரு தடவை, நின்ற நிலையில் ஒரு தடவை இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். முன்பு எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா என்றும் கேட்க வேண்டும். உண்டென்றால் இந்த மருந்து இல்லை. மாத்திரையை ஒரு முழு டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும், அன்று மது தொடக்கூடாது. தலை சுற்றினால் உடனே படுத்துக் காலை உயர்த்திக்கொள்ள வேண்டும். சரியாகும்வரை வண்டி ஓட்டக்கூடாது. இதயச் செயலிழப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, மாரடைப்புக்கு இட்டுச்செல்லும் இரத்தக்குழாய் அடைப்பு, மிதமான அல்லது கடுமையான கல்லீரல் பாதிப்பு, முன்பு வந்த பித்துநிலை அல்லது கடும் மனச்சோர்வு இருப்பவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை.

கொச்சி மருத்துவர்கள் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இங்கே ஆண்டில் பாதி நாள் உடம்பு வேர்வையில் ஊறிக்கிடக்கும். தொடையிடுக்கில் படர்தாமரை பலருக்கு வரும். அதற்குத் தோல் மருத்துவர் வாரக்கணக்கில் கொடுக்கும் இட்ராகொனசோல், கல்லீரலில் டாப்பாக்செட்டினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும். மாத்திரை ஒன்றுதான், உடம்பில் தங்கும் அளவு மட்டும் ஏறிவிடும். இரண்டும் சேரவே கூடாது. புளூகொனசோல், எரித்ரோமைசின், இரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம், வெராப்பமில் எடுப்பவர்கள் 30 மி.கி.யைத் தாண்டக்கூடாது. கிரேப்ஃப்ரூட் சாறு முந்தைய நாளிலிருந்தே வேண்டாம். அதன் உறவான பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. அரிப்புக்கு வாங்கிய மாத்திரையை இந்தச் சங்கதியோடு சேர்த்துச் சொல்ல யாருக்கும் தோன்றாது. வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போனால் அந்தச் சிக்கல் இல்லை.

டாப்பாக்செட்டினுடன் சில்டனாபிலையோ டடலாபிலையோ சேர்த்த கூட்டு மாத்திரைகள் இந்தியக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. விறைப்புக் குறையும் இருப்பவர்களுக்கு மருத்துவர் அப்படி எழுதுவதுண்டு. ஐரோப்பிய மருந்துக் குறிப்போ இரண்டையும் சேர்க்க வேண்டாம் என்கிறது, காரணம் மேலே சொன்ன அதே அழுத்தச் சரிவு. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரையை வைக்கிறவர் இந்தக் கூட்டு மாத்திரையைத் தொட்டால் அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கலாம். இதய நோயாளி வீட்டில் சொல்லாமல் மாத்திரை போட்டுவிட்டு அவசரப் பிரிவுக்கு வருவதுதான் இதில் மோசமான நிலை. அங்கே எந்த வெட்கமும் பார்க்காமல் முதலில் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அங்கேயும் நெஞ்சுவலிக்கு நைட்ரேட்தான் கையில் எடுப்பார்கள்.

தினமும் எடுக்கும் வகையில் மனச்சோர்வு மருந்துகளான பராக்செட்டின், செர்ட்ராலின், புளூவாக்செட்டின் ஆகியவை வருகின்றன. இவற்றின் அனுமதிச் சீட்டில் விந்து முந்துதல் இல்லை. மருத்துவர் தம் பொறுப்பில் எழுதுகிறார், அதை நோயாளியிடம் சொல்லவும் வேண்டும். பலன் தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தொட்டதுபோன்ற உணர்வு, தூக்கமின்மை வரும்; படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆசை குறையலாம். ஆஸ்பிரினோ குளோப்பிடோக்ரலோ எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு வாய்ப்புக் கூடும். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று முதல் வாரங்களில் கவனிக்க வேண்டும். குழந்தைக்கு முயலும் தம்பதிகளானால் விந்தணுத் தரத்தை இவை பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டே டாப்பாக்செட்டினும் போடுவது செரட்டோனின் அளவை வரம்பு மீற வைக்கும்: நடுக்கம், காய்ச்சல், குழப்பம், தசை விறைப்பு.

வலி மருந்தான டிரமடால், ஓர்ட்டா சொன்ன அபினியின் தூரத்து உறவு. தாமதம் தருகிறது, உண்மைதான், பழக்கமாகவும் ஆகிறது. இந்தியாவில் 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் இது கொண்டுவரப்பட்டது. அபின் வகைப் பழக்கத்தை விடுகிறவர்களுக்கு அந்நாட்களில் விந்து முந்துவது விடுபடுதலின் அறிகுறிகளில் ஒன்று. அதைத் தனி நோய் என்று எண்ணி டிரமடால் தேடிப்போனால் விட்ட பழக்கம் திரும்பி வரும்.

மரப்புக் களிம்புகள் இரத்தத்தில் அதிகம் கலக்காதவை என்பதால் பலருக்கு முதல் தேர்வாகலாம். லிடோகேயினும் பிரைலோகேயினும் கலந்த களிம்பை 20 முதல் 30 நிமிடம் முன் தடவி, உறவுக்கு முன் கழுவிவிட வேண்டும், அல்லது ஆணுறை அணிய வேண்டும். இல்லாவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும். அதிக நேரம் விட்டால் விறைப்பே போய்விடும். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரைலோகேயின் ஒத்துவராது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கிடங்குகளுக்கு நடுவே மூலிகை விற்கும் அங்காடி மருந்துக் கடைகள் இருக்கின்றன. ஜாதிக்காய்ப் பொடி பாலில் கலந்து குடிக்கும் கைவைத்தியம் தமிழர் வீடுகளிலும் மலையாளி வீடுகளிலும் தெரிந்ததுதான். சமையல் அளவு பிரச்சினையில்லை. கரண்டிக் கணக்கில் தின்றால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரும். அதைவிடக் கவலை தருவது பெயரில்லாத லேகியமும் கேப்ஸ்யூலும். மூலிகை என்று விற்ற பொருள்களில் சில்டனாபிலும் டாப்பாக்செட்டினும் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. சிட்டுக்குருவி லேகியமும் லாட்ஜ் முகாமும் தமிழ்நாட்டில் கேலிப்பொருளாகிவிட்டன. போன் திரையில் வரும் அதே சரக்கை இன்னும் நம்புகிறோம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாயச் சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பாலுறவு இன்பத் திறனைக் கூட்டும் என்று மருந்தை விளம்பரப்படுத்துவதைத் தடை செய்கிறது. 1945 மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாத நோய்களின் பட்டியலில் விந்து முந்துதல் பெயர் சொல்லியே இருக்கிறது. மாத்திரையைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. சீட்டில் தேதி, நோயாளி பெயர், மருந்தின் அளவு, கையொப்பம் இருக்க வேண்டும். திரும்பக் கொடுக்கலாம் என்று எழுதாவிட்டால் ஒரு தடவைக்கு மேல் கொடுக்க முடியாது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024-இல் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்தது. அது சீட்டின்றி விற்கும் ஆன்டிபயாட்டிக்குகளுக்காக. இந்த மாத்திரையையோ, கூட்டம் குறையக் காத்திருந்து, வாய் திறக்காமல் போனில் படத்தைக் காட்டி வாங்குகிறவர் ஒருநாளும் புகார் செய்யப்போவதில்லை. காகிதத்தில் சுற்றி வரும் நான்கு மாத்திரைத் துண்டில் காலாவதித் தேதியும் இருக்காது. முழு அட்டையும் பில்லும் கேட்டு வாங்குவது அவருக்கு உள்ள உரிமை.

மட்டாஞ்சேரி அரசு மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியது. ஆண்கள் பக்கத்துக் கருவேலிப்படி தாலுகா மருத்துவமனைக்கோ, காயலைக் கடந்து எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ, களமசேரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகலாம். சிறுநீரியல், மனநலம், தோல் மற்றும் பால்வினை நோய் ஆகிய மூன்று பிரிவிலும் இதைப் பார்ப்பார்கள். இடையில் தொடங்கிய குறையானால் தைராய்டு, சர்க்கரை, புராஸ்டேட் அழற்சி, விறைப்புக் குறை ஆகியவற்றைச் சோதித்த பிறகே மாத்திரை. தைராய்டு மிகையாகச் சுரப்பதைச் சரிசெய்தாலே பலருக்கு இது சீராகிறது. ஒரே அறையில் மூன்று தலைமுறை படுக்கும் வீடா, பதினோரு மாதம் துபாயில் இருந்துவிட்டு ஒரு மாத லீவில் வந்தவரா என்பதும் கேட்கப்பட வேண்டியதே. நிறுத்தி நிறுத்திப் பழகும் முறையை ஜேம்ஸ் செமன்ஸ் 1956-இலேயே சொல்லிவிட்டார். மருந்தோடு சேர்த்துச் செய்தால் பலன் கூடும், மனைவியும் மருத்துவரிடம் வந்தால் இன்னும் எளிது.

நேரில் போகக் கூசுகிறவர்களுக்கு, கேரளத்தில் 2020 ஜூனில் தொடங்கிய இ-சஞ்சீவனி காணொளி ஆலோசனை இருக்கிறது. கேரள அரசின் திசா சுகாதார உதவி எண் 1056. டிரமடால் போன்ற போதைச் சட்ட மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுத அனுமதியில்லை.

டாப்பாக்செட்டின் தொடங்கி நான்கு வாரத்தில், அல்லது ஆறு தடவை எடுத்தபின், தொடரலாமா என்று மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மயக்கம், நீண்ட நேரம் இறங்காத விறைப்பு போன்ற விளைவுகளை, 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். நான்கு மணி நேரம் விறைப்பு இறங்காவிட்டால் போன் செய்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லீவு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்கள் மாத்திரையை அட்டையோடும் சீட்டோடும் எடுத்துச்செல்ல வேண்டும். டிரமடால் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. முன்அனுமதி இல்லாமல் பெட்டியில் இருந்தால் வழக்காகும்.