வனிலாக் கொடியும் நம்மூர் இளநீரும்

ஐஸ்கிறீமிலும் கேக்கிலும் மணக்கும் வனிலா, ஒரு கொடியின் காய் என்பதை நம் வாலிபருட் பலர் அறியார். மெக்சிக்கோவிற் பிறந்த ஓர்க்கிட் இனக் கொடி அது. அதன் வரலாற்றிலே ஆரையம்பதி வளவுகளில் நாம் சீவிக் குடிக்கும் இளநீருக்கும் ஓர் இடமுண்டென்றால் வியப்பன்றோ?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரெஞ்சுக்காரர் இக்கொடியை இந்து சமுத்திரத்து றியூனியன் தீவிற்குக் கொண்டு சென்றனர். கொடி படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. பூவினுள்ளே மகரந்தத்தைத் தடுத்து நிற்கும் மெல்லிய சவ்வே காரணம். 1841இல் எட்மண்ட் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியாற் சவ்வை நிமிர்த்திப் பெருவிரலால் மகரந்தத்தை அழுத்திக் காய்க்கச் செய்தான். இன்றும் தோட்டங்களில் ஒவ்வொரு பூவுக்கும் இதையே செய்கின்றனர். 1848இல் விடுதலையடைந்த அவன் 1880இல் வறியவனாகவே இறந்தான். அவன் விரலாற் செல்வரானோர் எத்தனை பேர்!

காய்க்கு வழி பிறந்தது, கன்றுக்கு? வனிலா விதை தூசு போன்றது. உணவுச் சேமிப்பற்ற அது, பூஞ்சணத்தின் துணையின்றி மண்ணில் முளையாது. எனவே கொடியை வெட்டி நட்டனர். வெட்ட வெட்டத் தாய்க்கொடி மெலிந்தது. 1922இல் அமெரிக்க அறிஞர் நட்சன், சீனி கலந்த ஊடகத்திற் பூஞ்சணமின்றியே ஓர்க்கிட் விதைகளை முளைப்பித்தார்.

இளநீர் வருவது இங்கேதான். 1941இல் வான் ஓவபீக் குழுவினர் ஊமத்தையின் பிஞ்சுக் கருவை அதனை ஊட்டி வளர்த்தனர். 1958இல் ஸ்ரூவேட் என்பார் அதன் துணைகொண்டு கரட் கலங்களிலிருந்து முழுச்செடியையே உண்டாக்கினார். தென்னை தன் கருவுக்கென வைத்திருக்கும் உணவல்லவா அது! கலங்களைப் பெருகத் தூண்டும் பொருள்கள் அதிலுண்டு.

இவ்வாறு வளர்ந்ததே இழைய வளர்ப்பு. வனிலாக் கணுவொன்றைக் கிருமி நீக்கிப் புட்டியில் வைத்தாற் பல குருத்துகள் வெடிக்கும். கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் வனிலாவுக்கு இம்முறையை வகுத்தனர்.

2003 அளவில் வனிலா விலை வானளாவ உயர, கேரளத்தாரும் கன்னட நாட்டாரும் கன்று தேடி ஓடினர். சில ஆண்டுகளில் விலை சரிந்தது. நட்டவர் கைகள் சுட்டன. இன்னோர் ஆபத்துமுண்டு: ஒரே கொடியின் கன்றுகள் யாவும் ஒரே தன்மையன, வேரழுகல் ஒன்றைத் தாக்கினால் மற்றவற்றையும் தாக்கும். ஆதலாற் கோழிக்கோட்டு ஆய்வாளர் காட்டு வனிலா இனங்களையும் புட்டியில் வளர்த்துப் பேணினர். அத்தகைய இலையற்ற வனிலாக் கொடியொன்று நம் இலங்கைக் காடுகளிலும் படர்கின்றது.