ஒற்றை லாரி உடைமையாளர் – பிழைப்பின் வரலாறு

நம் காலனியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறிடுவது இரயில்வே. ஆயினும் அச்சோற்றுக்குரிய அரிசியும் பருப்பும் நம் கடைத்தெருவிற்குப் பெரும்பாலும் லாரியிலேயே வந்து சேருகின்றன. அந்த லாரியை ஓட்டி வருபவரே பல வேளைகளில் அதன் உடைமையாளராகவும் இருக்கிறார். இருப்பது ஒரே வண்டி. அதற்கு முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. இத்தகையோரின் வரலாற்றைச் சரக்குக் கணக்கெழுதும் இரயில்வே குமாஸ்தாக்களாகிய நாம் அறிந்திருத்தல் பொருத்தமே. ஏனெனில் அவர்களுக்கு முதன்முதல் வேலியிட்டதே நம் இரயில்வேயின் பொருட்டுத்தான்.

முதல் உலகப் போருக்குப் பின் நம் நாட்டில் மோட்டார் வண்டிகள் பெருகின. இருப்புப் பாதையை ஒட்டிச் செல்லும் சாலைகளில் அவை இரயில்வேயின் வருமானத்தைப் பங்கிட்டுக்கொண்டன. இதனை ஆராய்ந்த மிச்சல், கிர்க்னெஸ் இருவரும் 1933-ல் அறிக்கை தந்தனர். 1937-ல் வெட்ஜ்வுட் குழுவினரும் சாலைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்த வேண்டுமென்றனர். அதன் விளைவாக 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. பர்மிட் இன்றி வாடகைக்குச் சரக்கேற்றுவது அதன்பின் குற்றமாயிற்று. 1945-ல் வகுத்த நெறிமுறையோ, 75 மைலுக்கு மேற்பட்ட ஓட்டத்திற்குப் பர்மிட் தருமுன் இரயில்வேயின் நலனையும் கருதச் செய்தது. வேறு மாநிலத்துள் நுழைய அம்மாநிலத்தின் மேலொப்பமும் வேண்டியிருந்தது.

இத்தனை தடைகளுக்கிடையிலும் இத்தொழில் வளர்ந்தது. பழைய சேலம் மாவட்டத்தின் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களே இதற்குச் சான்று. மழையை நம்பிய மேட்டு நிலத்தில் விளைச்சல் போதாதபோது, கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, உறவினர் கைகொடுக்க ஒரு லாரிக்கு உரியவரானோர் அங்குப் பலர். 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. பின்னர் சிறு போக்குவரத்துத் தொழிலும் முன்னுரிமைக் கடனுக்குரிய துறைகளுள் ஒன்றாயிற்று. 1975-ல் நேஷனல் பர்மிட் திட்டம் வந்தது. 2010 முதல் ஒரே கட்டணம் செலுத்தி நாடு முழுவதும் ஓட்ட வழி பிறந்தது. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் மாநில எல்லைகளில் வரிச் சாவடிகள் அகற்றப்பட்டன.

வேலிகள் விலகின; கவலை விலகியதா? கடன் தீரும்வரை பதிவுப் புத்தகத்தில் கடன் கொடுத்தவரின் பெயரும் உடனிருக்கும். போகும்போது கிடைத்த வாடகையில் டீசல், சுங்கம், டயர்த் தேய்மானம், தரகு ஆகியன கழிந்தபின் எஞ்சுவது சிறிதே. ஆதலால் திரும்பும்போது கிடைக்கும் லோடே ஆதாயத்தைத் தீர்மானிக்கிறது. அது கிடைக்கும்வரை அயலூர்த் தரகர் வாசலில் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். தவணையோ காத்திராது. எனவே குறைந்த வாடகைக்கும் உடன்பட நேரிடுகிறது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூனில் விலையை நாள்தோறும் திருத்தும் முறை வந்தது. பேசி முடித்த வாடகை அவ்வாறு நாள்தோறும் உயர்வதில்லை.

இதனினும் பெரிது உறக்கக் குறை. 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலைநேரத்தை வரையறுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளரேனும் உள்ள நிறுவனங்களையே அது தழுவியது. தம் வண்டியைத் தாமே ஓட்டுபவர் அதன் வரம்பிற்கு வெளியே நின்றார். நேஷனல் பர்மிட் லாரிக்கு இரு டிரைவர் வேண்டுமென்ற விதியும் 2018-ல் நீக்கப்பட்டது. இரண்டாம் டிரைவரின் சம்பளம் மிச்சமாயிற்று என மகிழ்ந்தோர் உண்டு. அம்மிச்சத்தைத் தம் உறக்கத்தைக் கொடுத்தே ஒற்றை உடைமையாளர் பெறுகிறார்.

நம் இரயில் டிரைவர்களுக்கு ஓட்டம் முடிந்தால் ஓய்வறை உண்டு. மாற்று ஆள் உண்டு. இவை தொழிலாளர் ஒன்றுகூடிக் கேட்டுப் பெற்றவை. லாரிக்காரரோ, "ஓய்வு தருக" எனத் தம்மையே கேட்க வேண்டிய நிலையில் இருக்கிறார். முதலாளி என்ற பெயர் அவருக்குப் பெருமை தருகிறது. அப்பெயரே தொழிலாளிக்குரிய காப்பை அவருக்கு மறைத்தும் விட்டது. நெடுஞ்சாலைதோறும் அச்சமின்றி உறங்கத்தக்க ஓய்விடமும், திரும்பும் லோடுக்கு நியாயமான வாடகையும் அவருக்குக் கிடைத்தாக வேண்டும்.

சங்க அன்பர்களே! தமிழ்நாட்டு எண் தாங்கிய லாரி நம் ஊருக்குச் சரக்கிறக்க வருமாயின், குளிக்க நீரும், உண்ணச் சோறும், தமிழில் ஓர் இன்சொல்லும் அளிப்போமாக. அவர்தம் உழைப்பு வாழ்க!