நெல்லுக்கு எத்தனை பைட்?

போன எபிசோடுல பைத்தான்ல ஃபைலைத் திறந்து படிக்கிறது எப்படின்னு பார்த்தோம். "இங்கிலீஷ் ஃபைல் ஓடுது, தமிழ் ஃபைல் மட்டும் ஏன் எரர் அடிக்குது?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதில் வரலாத்துல இருக்கு.

எங்க ஊரு மண்ணச்சநல்லூர், அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊரு. அதனால 'நெல்'ங்கிற வார்த்தையையே எடுத்துக்குவோம்.

ஃபைலுக்குள்ள எழுத்தே கிடையாது; 0 முதல் 255 வரைக்கும் எண்கள்தான். எந்த எண் எந்த எழுத்துன்னு ஆளுக்கொரு கணக்கு வச்சிருந்த காலம் 1990கள். ஒரு ஃபான்ட்ல அடிச்ச கடிதம் இன்னொண்ணுல குப்பையாத் தெரியும். இணையத் தமிழர்கள் கூடிப் பேசி 'திஸ்கி'யை உருவாக்கினாங்க. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுல டாப், டாம்னு இன்னும் ரெண்டு வந்துச்சு. (ஒரே பொதுமுறை வேணும்னு கூடினா ரெண்டோட வெளிய வர்றது நம்ம ஊரு வழக்கம்தானே!) யூனிகோடு 1991லயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், வீட்டுக் கம்ப்யூட்டர்ல அது ஒழுங்காத் தெரிய 2000ஐத் தாண்ட வேண்டியிருந்துச்சு.

திஸ்கியில 'நெல்' 3 பைட். கண்ணுக்குத் தெரியிற வரிசை: முதல்ல கொம்பு, அப்புறம் ந, அப்புறம் ல். யூனிகோடுல உச்சரிக்கிற வரிசை: ந, கொம்பு, ல, புள்ளி. யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஆக மொத்தம் 12.

இப்ப அந்த எரருக்கு வருவோம். என்கோடிங் சொல்லாம ஃபைலைத் திறந்தா, விண்டோஸ்ல பைத்தான் பல வருஷமா அந்த மெஷினோட பழைய மேற்கத்திய அட்டவணையைத்தான் எடுத்துக்கிட்டு வந்துச்சு. தமிழ்ப் புள்ளியோட மூணு பைட் 224, 175, 141. அந்த அட்டவணையில 141க்கு எழுத்தே இல்ல. 'நெல்' மேல ஓடுற பைத்தான் புள்ளிகிட்ட வந்ததும் நின்னுடும்! என்கோடிங் யூடிஎஃப்-8னு ஒரு வார்த்தை சேர்த்தா போதும்.

ஆனா ஃபைலே திஸ்கியா இருந்தா அதுவும் உதவாது. சுவிட்சர்லாந்துல இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்னைக்குத் தொடங்கின மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணின இலக்கியங்களைத் திஸ்கியில சேர்த்துட்டு, பின்னாடி யூனிகோடுக்கு மாத்துச்சு. அதனாலதான் இன்னைக்கு நம்மளால அதுல தேட முடியுது. அச்சகத்து சிடியில தூங்குற கோயில் மலருக்கும் தாத்தா எழுதின ஊர்க் கதைக்கும் அப்படி யாரும் வரல.

உங்க வீட்டுல அப்படி ஒண்ணு இருந்தா, 'ஆர்பி' முறையில, அதாவது பைட்டாவே படிங்க. ஓப்பன்-தமிழ் நூலகத்துல திஸ்கியை யூனிகோடாக்குற பகுதி இருக்கு. முடிவை வேற பேருல புது ஃபைலா எழுதுங்க. பழைய ஃபைலையே 'டபிள்யூ' முறையில திறந்தா, ஒரு எழுத்து எழுதுறதுக்கு முன்னாடியே அது காலியாயிடும்.